ஊறுகாயில் ஒளிந்திருக்கும் உப்பு

வீட்டுப் பெரியவருக்கு இரத்த அழுத்தம் என்றதும் குழம்பில் உப்பைக் குறைக்கிறோம். தட்டின் ஓரத்தில் ஊறுகாயையும் வைக்கிறோம். குறைத்ததெல்லாம் அதன் வழியே உள்ளே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், பிஸ்கட் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். ஊறுகாய் பாட்டிலை மேசையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி; கண்ணில் பட்டால் கை போகத்தான் செய்யும். எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி ஆகியவற்றைச் சற்றுக் கூட்டினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பு நல்லது என்று நம்பி அள்ளிப் போடாதீர்கள், அதிலும் இருப்பது அழுத்தத்தை ஏற்றும் சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

இயன்றவரை தினமும் நடக்கலாம். மூட்டுவலிக்குக் கடையில் தாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பலவும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அழுத்தம் குறைந்துவிட்டது என்று அதற்கான மாத்திரையைத் தாமாகவே நிறுத்தவும் கூடாது. காலையில் எழுந்ததும் சற்று நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றி விழ நேரிடும்.