மாற்றாந்தந்தையின் யூதக் குடும்பத்தோடு முதல் பஸ்கா இரவு: புதிதாகச் செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

என் அம்மா மறுமணம் செய்துகொண்ட அடுத்த வசந்தத்தில், நியூ ஜெர்சியில் எடிசனை ஒட்டியிருக்கும் ஹைலண்ட் பார்க்கில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகையான பஸ்காவின் விருந்துக்கு, அம்மாவின் கணவருடைய அக்கா வீட்டுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகுடன் போய் நின்றேன். ஒரே பெட்டியில் இரண்டு தவறுகள் இருந்தன. கடலை மாவு அந்த வீட்டில் பண்டிகை நாள்களில் உண்ணப்படாத பொருள். நெய்யோ இறைச்சி பரிமாறப்படும் மேசைக்கு வரக்கூடாத பொருள். முறைப்படி எனக்கு அத்தையாகிவிட்ட அந்த அம்மையார் முகம் சுளிக்காமல் பெட்டியை வாங்கி, பிரிக்காமலே குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்து, "எட்டு நாள் போகட்டும், இது எனக்குத்தான்" என்றார். அவருடைய பெருந்தன்மையால் நான் தப்பித்தேன். நீங்கள் கொஞ்சம் தயாராகவே போகலாம்.

படி 1: எந்த நாள், எந்த வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

எபிரேய நாள்காட்டியில் நாள் என்பது சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. நிசான் மாதம் 15ஆம் நாள், அதாவது பௌர்ணமியை ஒட்டி வரும் இரவில், பஸ்கா தொடங்கும். சந்திர மாதங்களைப் பருவங்களோடு பொருத்துவதற்காக 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதால், ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும்: 2026இல் ஏப்ரல் 1 மாலை, 2027இல் ஏப்ரல் 21 மாலை. இஸ்ரேலுக்கு வெளியே பெரும்பாலும் முதல் இரண்டு இரவுகளிலும் விருந்து நடக்கும். சீர்திருத்தப் பிரிவினர் பலர் ஒரே இரவோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் அழைக்கப்பட்டிருப்பது எந்த இரவுக்கு என்பதையும், அந்த வீட்டார் வைதீகப் பிரிவினரா, மிதமான பிரிவினரா, சடங்கில் அவ்வளவு பிடிப்பு இல்லாதவர்களா என்பதையும் உங்கள் மாற்றாந்தந்தையிடமே கேட்டுவிடுங்கள். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்தே மாறும்.

படி 2: கையில் எதைக் கொண்டுபோவது

நம்மவர்கள் வழுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்ட முன்னோருக்கு மாவு புளிக்க நேரமில்லை என்பதன் நினைவாக, கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களாலான புளித்த பண்டம் எதுவும் பண்டிகை முழுவதும் வீட்டிலேயே இருக்கக்கூடாது. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடங்களுக்குள் சுட்டெடுத்த மட்ஸா என்னும் புளிப்பில்லாத அப்பம் மட்டுமே விதிவிலக்கு. இதற்குமேல், கிழக்கு ஐரோப்பிய வழியினரான அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பு, பயறு, சோளம் ஆகியவற்றையும் தவிர்ப்பது பல நூற்றாண்டு வழக்கம். அமெரிக்காவில் கன்சர்வேடிவ் என்ற மிதமான பிரிவின் சமயச் சட்டக் குழு 2015இல் இவற்றை அனுமதித்துவிட்டாலும், பாட்டி சமைத்தபடியே சமைக்கும் வீடுகள் மாறிவிடவில்லை. ஸ்பெயின் வழியினரான ஸெபார்டி யூதர்களில் பலருடைய வீட்டில் அன்றும் சோறு உண்டு.

ஆகவே இட்லி, வடை, சாம்பார், முறுக்கு எதுவும் வேண்டாம். உருளைக்கிழங்குப் பொரியலில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள்; தாளிப்பில் போடும் பெருங்காயத் தூளின் உறையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோகும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. பூங்கொத்து, முழுப் பழங்கள், அல்லது பஸ்காவுக்கு உகந்தது என்று உறையில் அச்சிடப்பட்ட இனிப்பு ஆகியவை போதும். அமெரிக்க யூத வீடுகளின் பஸ்கா இனிப்பு தேங்காய்த் துருவலால் செய்த மக்கரூன் என்பது நமக்கு ஆறுதல். வைன் வாங்கினால் அதிலும் அந்த முத்திரை இருக்க வேண்டும். வைதீக வீடுகளில் வைனை யார் ஊற்றுகிறார்கள் என்பதற்கும் விதி உண்டு என்பதால், உதவுகிறேன் என்று நீங்களே பாட்டிலைத் திறந்து ஊற்றாதீர்கள்.

படி 3: சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்

மட்ஸா மாவு உருண்டைகள் மிதக்கும் சூப் பார்வைக்குச் சைவமாகத் தோன்றும். அது கோழிச் சாறு. உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட கூகல் என்ற பண்டத்தில் முட்டை உண்டு. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமைத்தவரின் மனம் சங்கடப்படும். அதோடு, மாலை நான்கு மணி அளவில் உங்கள் வீட்டிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். அங்கே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உண்மையான சாப்பாடு வரும். அதுவரை கிடைப்பது உப்பு நீரில் தோய்த்த பார்ஸ்லித் தழையும் கொஞ்சம் மட்ஸாவும்தான்.

படி 4: வாசலில்

"ஹாக் சமேயாஹ்" என்று சொன்னால் போதும். மகிழ்ச்சியான பண்டிகை என்று பொருள். வயதானவர்கள் "குட் யோண்டிஃப்" என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லுங்கள். வைதீகர்கள் எதிர்பாலினரைத் தொடுவதில்லை, எனவே கை குலுக்க அவர்கள் கை நீட்டும்வரை காத்திருங்கள். கூடையில் சிறு தொப்பிகள் இருந்தால் ஆண்கள் ஒன்றை எடுத்து அணியலாம். அவ்வீட்டில் பண்டிகை இரவில் கைபேசி தொடுவதில்லை என்றால் உங்களுடையதும் பையிலேயே இருக்கட்டும்.

படி 5: மேசையில்

இந்த விருந்துச் சடங்கின் பெயரான ஸேடர் என்ற எபிரேயச் சொல்லுக்கு ஒழுங்குமுறை என்றே பொருள். பதினைந்து கட்டங்களும் ஹகாதா என்ற நூலில் வரிசையாக இருக்கும்; எபிரேய நூல் என்பதால் வலப்புறத்திலிருந்து திறக்க வேண்டும். எங்கள் அத்தை வீட்டில் பாதிப் பிரதிகள் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி நிறுவனம் 1932 முதல் இலவசமாக வழங்கிவரும் பதிப்பு. பக்கங்களில் பல ஆண்டு வைன் கறை. நான்கு கோப்பை வைன் குடிக்க வேண்டும், அதற்குப் பதில் திராட்சைச் சாறு கேட்பது தவறில்லை. அடிமைகள் அல்லர் என்பதைக் காட்ட இடப்பக்கம் சாய்ந்து குடிப்பார்கள். எகிப்தின்மேல் இறங்கிய பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு சொட்டு வைனைத் தட்டில் எடுத்துவிடுவார்கள்: எகிப்தியர் பட்ட துன்பத்துக்காக நம் கோப்பையும் குறைய வேண்டும் என்பது விளக்கம். விரலை நக்கிவிடாதீர்கள், நான் நக்கினேன்.

அடிமை வாழ்வின் கசப்பைக் குறிக்கும் மாரோர் பெரும்பாலும் துருவிய குதிரைமுள்ளங்கி. காரம் நமக்குப் புதிதா என்று கரண்டி நிறைய எடுக்காதீர்கள். மிளகாய் நாக்கில் எரியும்; இதுவோ அரைத்த கடுகுபோல நேராக மூக்கில் ஏறி, கண்ணில் நீராக இறங்கும். பக்கத்தில் இருக்கும் ஹரோசெத், ஆப்பிளையும் அக்ரூட்டையும் நறுக்கி இலவங்கப்பட்டையும் வைனும் சேர்த்துப் பிசைந்தது. செங்கல்லுக்குப் பூசும் சாந்தின் உருவகம். இரண்டையும் மட்ஸாவுக்கு நடுவில் வைத்துத் தின்பதும் ஒரு கட்டம்தான்.

படி 6: கேள்வி கேளுங்கள்

வேறு எந்தச் சடங்கிலும் வெளியாள் வாயை மூடிக்கொண்டு இருப்பது மரியாதை. இங்கே அது பொருந்தாது. "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?" என்று தொடங்கும் நான்கு கேள்விகளை மேசையில் இளையவர் கேட்டால்தான் கதையே தொடங்கும். சிறு பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த இளையவர் நீங்களாகவே இருக்கலாம் என்பதால் முந்தைய நாளே ஒருமுறை படித்துப் பாருங்கள். நான்கு பிள்ளைகளைப் பற்றிய பகுதியில் கடைசியாக வருபவன் கேட்கத் தெரியாதவன். அவனுக்கு நீயே தொடங்கிவை என்று ஹகாதா தந்தைக்குக் கட்டளையிடுகிறது. அந்த வரியை வாசித்தபோது அம்மாவின் கணவர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மேசை நடுவில் சடங்குத் தட்டில் இருந்த எலும்பைக் காட்டி, அது எதற்கு என்று தாமாகவே சொல்லத் தொடங்கினார். அதுவரை நாங்கள் இருவரும் வானிலையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை.

மதம் மாற்றிவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். யூதர்கள் பொதுவாக ஆள் சேர்ப்பதில்லை. மரபுப்படி யூத அடையாளம் தாய்வழியே வருவதால், அம்மாவின் திருமணத்தால் உங்கள் நிலையும் மாறுவதில்லை. உங்கள் பக்கத்திலிருந்து, இஸ்ரேல் அரசியலை நீங்களாக எடுக்காதீர்கள். வயதானவர்களிடம் சொந்த ஊரையும் இழந்த உறவுகளையும் தோண்டிக் கேட்காதீர்கள். பேச்சுக்கு விஷயம் வேண்டுமென்றால் உறவுமுறையைப் பேசலாம். ஆங்கிலத்தில் சம்பந்திக்குச் சொல் கிடையாது. இத்திஷில் உண்டு, சம்பந்திகளை மஹத்துனிம் என்பார்கள். என் ஆச்சியும் நீங்களும் மஹத்துனிம் என்று நான் சொன்னதும் அம்மாவின் மாமியார் மேசையைத் தட்டிச் சிரித்தார்; அடுத்த வாரமே ஆச்சியின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

படி 7: சாப்பிட்டதும் எழுந்துவிடாதீர்கள்

ஒளித்துவைத்த அரை மட்ஸாவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துப் பரிசு பேரம் பேசி முடிக்க வேண்டும். அதில் ஒரு துண்டைத் தின்ற பிறகு வேறு எதுவும் உண்பதில்லை. எலியா தீர்க்கதரிசிக்காக ஒரு கோப்பையை நிரப்பி, வாசல் கதவைத் திறப்பார்கள். கதவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தால் உங்களைத்தான் திறக்கச் சொல்வார்கள். பிறகு பாட்டு. கடைசியாக வரும் ஆட்டுக்குட்டிப் பாட்டு, ஆட்டைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க என்று சங்கிலியாக நீளும். வார்த்தை தெரியாவிட்டாலும் மூன்றாவது சுற்றில் வாயில் வந்துவிடும். அது முடியும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும், எனவே மறுநாள் காலையில் வேலை இருந்தால் அலுவலகத்தில் முன்கூட்டியே விடுப்பு சொல்லிவையுங்கள்.