நிரலை எங்கே வைப்பது?

திறந்த மூலத் திட்டத்துக்குத் தளம் தேடுகிறீர்களா? உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள். கூகுள் நடத்திய 'கூகுள் கோட்' தளமே 2016 ஜனவரியில் மூடப்பட்டது.

நிரலைப் பற்றிக் கவலையில்லை. நிரலின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியில் 'git clone --mirror' என்று கொடுத்தால் எல்லாக் கிளைகளும் டேகுகளும் (பதிப்பு அடையாளங்கள்) மொத்தமாக இறங்கிவிடும். மாட்டிக்கொள்வது மற்றவைதான்: பிழைப் புகார்கள், அவற்றின் கீழ் நடந்த வாக்குவாதங்கள், புல் ரெக்வெஸ்ட்டில் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி ஒருவர் அனுப்பும் கோரிக்கை) சொன்ன திருத்தங்கள். இவை கிட்டுக்குள் இல்லை, தளத்தின் டேட்டாபேஸில் கிடக்கின்றன. அதனால் முதல் வாரமே நாலு இஷ்யூ (பிழைப் புகார்) போட்டு, இன்னொரு தளத்துக்கு இறக்குமதி செய்து பாருங்கள். கமெண்ட் எழுதியவர் பெயர், லேபிள் எல்லாம் ஒழுங்காக வருகிறதா?

புதியவர்கள் சேர வேண்டுமென்றால் கிட்ஹப் தளம் சரி, பலரிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கும். தளமும் திறந்த மூலமாகவே வேண்டுமென்றால், பெர்லினில் லாப நோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் இருக்கிறது. சொந்த சர்வரில் கிட்லேப் மென்பொருளைப் போடலாம், லினக்ஸ் டெஸ்க்டாப் உருவாக்கும் க்னோம் திட்டம் அப்படித்தான் செய்தது. ஆனால் நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் எழுந்து பார்க்க உங்களிடம் ஆள் உண்டா?

அப்புறம், தனி ஆள் கணக்கில் தொடங்காதீர்கள். ஆர்கனைசேஷன் (குழுக் கணக்கு) ஒன்றைத் திறந்து, இரண்டு பேருக்காவது ஓனர் உரிமை கொடுங்கள்.