கோரூட்டின் லீக்: எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தேடுங்கள்

கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளின் குளிர்கிடங்கு வெப்பநிலையை வாங்கி அனுப்பும் சின்ன லினக்ஸ் பெட்டிகளுக்கு நான் சி++ நிரல் எழுதுகிறேன். சென்சார் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரூட்டின், அதாவது நடுவில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷன். ஆலையில் கரண்ட் போகும்போதெல்லாம் மெமரி கொஞ்சம் ஏறும், பிறகு இறங்காது.

முதலில் இது லீக்தானா, அதாவது தேவை முடிந்தும் விடுவிக்கப்படாத மெமரிதானா என்று பாருங்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி, விடுவித்த மெமரியையும் சில சமயம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதைத் திருப்பித் தரச் சொல்லும் மாலக் ட்ரிம் ஃபங்ஷனை அழைத்த பிறகும் ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் பிடித்திருக்கும் ரேம்) இறங்காமல், துண்டிப்புக்கு ஒரு படி ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் சரி.

அடுத்து எல்லோரும் லீக் தேடும் கருவியான லீக் சானிடைசரைத்தான் எடுப்பார்கள். எடுங்கள், ஆனால் அது ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எந்தப் பாயின்டரும் சென்று சேராத மெமரியைத்தான் அது லீக் என்று சொல்லும். தூங்கும் கோரூட்டினின் ஹேண்டிலோ (அதை எழுப்ப உதவும் பாயின்டர்), இணைப்புகளைக் கவனிக்கும் ஈவன்ட் லூப்பின் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு கருவியான வால்கிரைண்டும் அதை 'ஸ்டில் ரீச்சபிள்' (இன்னும் எட்டக்கூடியது) என்று ஒதுக்கிவிடும்.

ஆகவே ஃபிரேம்களை, அதாவது ஒவ்வொரு கோரூட்டினும் தன் நிலையை வைத்திருக்கும் மெமரித் துண்டுகளை, நீங்களே எண்ணுங்கள். சி++20இல் ப்ராமிஸ் டைப்புக்குள் (கோரூட்டினின் நடத்தையைத் தீர்மானிக்கும் வகுப்பு) ஆபரேட்டர் நியூ, டெலீட் எழுதிவிட்டால் ஃபிரேமுக்கு மெமரி ஒதுக்கவும் விடுவிக்கவும் அவைதான் அழைக்கப்படும். முகவரி, அளவு, நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள், டெலீட்டில் நீக்குங்கள். கம்பைலர் ஹீப் ஒதுக்கீட்டையே தவிர்த்த ஃபிரேம்கள் இதில் வராது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டாம்.

இனிமேல்தான் உண்மையான துப்பு கிடைக்கும். பட்டியலில் ரொம்ப நேரமாக நிற்கும் ஒரு முகவரியை டீபக்கரான ஜிடிபியில் திறங்கள். 64 பிட் எந்திரத்தில், கம்பைலர் ஜிசிசியானாலும் கிளாங்கானாலும், முதல் எட்டு பைட் ரெஸ்யூம் ஃபங்ஷனின் பாயின்டர்; அடுத்த எட்டு டெஸ்ட்ராய் ஃபங்ஷனுடையது. 'இன்ஃபோ சிம்பல்' கொடுத்தால் எந்தக் கோரூட்டின் என்று பெயரே வந்துவிடும். முதல் எட்டு பைட்டும் பூஜ்யமா? அது வேலையை முடித்து, ஃபைனல் சஸ்பெண்ட் என்னும் கடைசி நிறுத்தத்தில் நிற்கிறது, டெஸ்ட்ராய் செய்ய ஆளில்லை. பூஜ்யம் இல்லையென்றால் இன்னும் எதற்கோ காத்திருக்கிறது. இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

முடிந்து நிற்பவற்றுக்குத் தீர்வு எளிது. கோரூட்டின் ஹேண்டில் எதற்கும் சொந்தக்காரன் கிடையாது. அதை ஒரு டாஸ்க் வகுப்பில் பொதிந்து, டெஸ்ட்ரக்டரில் டெஸ்ட்ராய் அழையுங்கள். ஃபைனல் சஸ்பெண்ட் 'சஸ்பெண்ட் நெவர்' (அங்கே நிற்காதே) தந்தால் ஃபிரேம் தானாகவே போய்விடும். அங்கே மறுபடி டெஸ்ட்ராய் அழைத்தால் டபுள் ஃப்ரீ, ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிக்கும் பிழை.

காத்திருப்பவைதான் பாடுபடுத்தும். கரண்ட் போன சென்சார், இணைப்பு முடிந்தது என்று சொல்லும் 'ஃபின்' பாக்கெட்டை அனுப்பாது, ஆகவே ரீட் முடிவதே இல்லை. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் தானாக ஓடாது. ஆன் செய்தாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனைப் பாக்கெட் போவது 7200 விநாடிக்குப் பிறகுதான். ஒவ்வொரு ரீடுக்கும் கெடு வையுங்கள். கெடு தாண்டினால் ஹேண்டிலைத் தூக்கி எறியாமல், பிழையோடு ரெஸ்யூம் செய்யுங்கள். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகள் அப்போதுதான் முறையாக அழியும். ஃபிரேம் இணைப்பை ஷேர்ட் பாயின்டரில் பிடித்திருக்க, இணைப்பும் அந்த டாஸ்கையே பிடித்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று விடாது; ஒரு பக்கத்தை அறுத்துவிடுங்கள்.

சோதிக்கும்போது சென்சார் பக்க ப்ராசஸைக் கொல்லாதீர்கள். கெர்னலே இணைப்பை மூடி மறுமுனைக்குச் சொல்லிவிடும். கேபிளைப் பிடுங்குங்கள், இல்லையென்றால் லினக்ஸ் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் பாக்கெட்டை டிராப் செய்யுங்கள். கெடு கழிந்ததும் ஃபிரேம் எண்ணிக்கை பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். ஒன்று கூடுதலாக நின்றாலும் அதன் முகவரி பட்டியலில் இருக்கும். ஜிடிபியில் அதைத் திறங்கள்.