எம்.பி.யின் விவாதப் பங்களிப்பை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு அட்டவணை கைமாறிக் கைமாறி வரும். எம்.பி.யின் பெயர், வருகை சதவீதம், கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள். அதைப் பார்த்துவிட்டு ‘நம்ம எம்.பி. வாயே திறக்கலை’ என்றோ, ‘நாட்டிலேயே இவர்தான் முதலிடம்’ என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். எண்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பேச்சைத்தான் யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

‘பங்கேற்ற விவாதங்கள்’ என்ற கட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே எடையில் வைப்பதுதான் மிகப் பரவலான தவறு. மக்களவையில் விதி 377-இன் கீழ் ஓர் உறுப்பினர் தொகுதிக் கோரிக்கையை எழுப்பலாம். வாசகம் 250 சொற்களைத் தாண்டக் கூடாது. பல நாள் அதை வாசிக்கவே நேரம் கிடைக்காது, எழுத்தாக மேசையில் வைத்துவிடுவார்கள். அவசரப் பிரச்சினைகளை எழுப்புவதற்கான பூஜ்ய நேரத்தில் ஓரிரு நிமிடம் பேசுவதும் உண்டு. ஒரு மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்து இருபது நிமிடம் வாதாடுவதும் உண்டு. பல அட்டவணைகளில் மூன்றுக்கும் தலா ஒன்றுதான். தொகுதியில் ரயில் நிற்க வேண்டும் என்று கேட்பதும் தேவையான வேலையே. ஆனாலும் நூறு விவாதங்களில் பங்கேற்றவர் என்றால், அவற்றில் மசோதா மீது பேசியது எத்தனை, மானியக் கோரிக்கை (ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்குக் கேட்கும் பணம்) மீது பேசியது எத்தனை, பூஜ்ய நேரம் எத்தனை என்று பிரித்து எழுதிப் பாருங்கள். கதையே வேறாக இருக்கும். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைக் கொடுத்துத் தேடினால் தலைப்பும் தேதியும் வந்துவிடும். ஒரு மாலை நேரம் போதும்.

குறைவாகப் பேசியவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் நேரக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கிடப்படுகிறது. 10 மணி நேர விவாதம் என்றால் 600 நிமிடம். 543 பேர் கொண்ட அவையில் 22 உறுப்பினர்கள் உள்ள கட்சிக்கு விகிதப்படி சுமார் 24 நிமிடம் வரும். அந்தக் கட்சியின் மக்களவைக் குழுத் தலைவர் 15 நிமிடம் எடுத்துக்கொண்டால், மீதி 9 நிமிடத்தில் இன்னும் இருவர் பேசலாம். மற்ற 19 பேரின் பெயர் அந்த விவாதத்தில் வரவே வராது. தனி ஒருவராக இருக்கும் உறுப்பினருக்கு விகிதப்படி ஒரு நிமிடம்தான். சபாநாயகர் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் உண்டு. யார் பேசுவது என்பதைக் கட்சிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே ஒருவரை அவருடைய கட்சியில் அதே நிலையில் உள்ளவரோடு ஒப்பிடுவதே நியாயம்.

அமைச்சர்களை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. அவர்கள் அரசின் சார்பில் பதில் சொல்பவர்கள். கேள்வி கேட்பதில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் இடுவதில்லை. அவர்கள் பெயருக்கு நேரே உள்ள வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று படிப்பது வெறும் பிழை. இடைத்தேர்தலில் வந்தவரை ஐந்தாண்டு இருந்தவரோடு மொத்த எண்ணிக்கையில் ஒப்பிடுவதும் அப்படித்தான். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லை என்பது போன்ற விவரங்களும் கணக்கில் வர வேண்டும்.

கேள்விகளுக்கு வருவோம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் 20, குறியிடாதவை 230. குலுக்கல் முறையில்தான் வரிசை அமைகிறது. ஒரே பொருளில் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்து ஒரே வினாவாக்கிவிடுவார்கள். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் மட்டுமே பதில். குறியிட்ட இருபதிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் வாய்மொழிப் பதிலுக்கு வருபவை சில மட்டுமே. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்பதால், ‘நேற்றைய சம்பவத்துக்கு இன்று கேள்வி எழுப்பினார்’ என்று ஒரு குறியிடாத வினாவைக் காட்டி எழுதினால் அது நடந்திருக்க வாய்ப்பில்லை.

உறுப்பினரின் திறமை தெரிவது துணைக் கேள்வியில், அதாவது குறியிட்ட வினாவுக்கு வந்த பதிலைத் தொடர்ந்து அவையில் எழுந்து கேட்பதில். காலிப் பணியிடங்கள் எத்தனை என்று கேட்டிருப்பார். எழுத்துப் பதிலில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கும். நன்றாகத் தயாரித்து வந்தவர் எழுந்து, ‘இதில் நிரப்பப்பட்டவை எத்தனை?’ என்று அந்த ஓட்டையிலேயே கை வைப்பார். தயாரிக்காதவர் முதல் கேள்வியையே நீட்டி முழக்கி இன்னொரு முறை கேட்பார். அட்டவணையில் இருவருக்கும் மதிப்பு ஒன்றுதான்.

அவைக்குறிப்பைப் படிப்பவர்கள் வழுக்கி விழுவது நட்சத்திரக் குறியில். வினாவின் தலையில் உள்ள நட்சத்திரம் வேறு, பேச்சின் நடுவே வருவது வேறு. பேச்சில் அதைக் கண்டால் உடனே பக்கத்தின் அடிக்குறிப்புக்குப் போங்கள். ‘அவைத்தலைவர் உத்தரவின்படி நீக்கப்பட்டது’ என்று இருக்கலாம். ‘பதிவு செய்யப்படவில்லை’ என்று இருக்கலாம். ‘மேசையில் வைக்கப்பட்ட உரை’ என்று இருக்கலாம். நான்காவதாக ஒன்றும் உண்டு: ‘தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு’. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். உறுப்பினர் தமிழில் பேசியிருப்பார், குறிப்பில் ஆங்கிலம் இருக்கும், அதை ஒருவர் மீண்டும் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுவார். அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்கூட அதில் மிஞ்சியிருக்காது. மேற்கோள் காட்ட வேண்டுமானால் அன்றைய காணொளியைக் கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் மேற்கோள் குறி இல்லாமல் கருத்தை மட்டும் சொல்லுங்கள். திருத்தப்படாத பிரதியா, இறுதிப் பிரதியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘பெயரைச் சொல்லக்கூட இவருக்குத் துணிவில்லை’ என்ற விமர்சனமும் அவசரத்தில் வருவதே. ஒருவர் மீது குற்றச்சாட்டு வைக்க வேண்டுமானால் சபாநாயகருக்கும் சம்பந்தப்பட்ட அமைச்சருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது மக்களவையின் விதி 353. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பதவிநீக்கத் தீர்மானத்தின்போது தவிர விவாதிக்கவே அரசமைப்பின் 121-ஆவது பிரிவு இடம் தரவில்லை.

பேச்சிலிருந்து வாக்கை ஊகிப்பதும் வேண்டாம். கடுமையாக எதிர்த்துப் பேசிய மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறினால், யார் எப்படி வாக்களித்தார் என்பதற்குப் பதிவே இருக்காது. எண்ணி வாக்கெடுக்கக் கோரி, அது நடந்திருந்தால் மட்டுமே பெயர்வாரியாகத் தெரியும். அப்போதும் இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி பிறப்பிக்கும் கொறடா உத்தரவு இருந்ததா என்று பாருங்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம்.

அட்டவணைக்குள் அடங்காத வேலையும் நிறைய இருக்கிறது. தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைக்கான தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இரு அவைகளையும் தாண்டிச் சட்டமானதில்லை. இதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் அது ஒரே ஒரு மசோதா.

அமைச்சகங்களின் மசோதாக்களையும் செலவையும் ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் யார் என்ன கேட்டார் என்பது வெளியே வராது. ஆனால் குழு அறிக்கையின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்பு இருக்கும். அன்று வந்திருந்தவர்களின் பட்டியலை அதில் பார்க்கலாம். மாறுபட்டவர்கள் எழுதிக் கொடுத்த மறுப்புக் குறிப்பும் அறிக்கையோடு அச்சாகியிருக்கும். எந்தப் பிரிவை ஏன் ஏற்கவில்லை என்று உறுப்பினர் தன் கையெழுத்தோடு சொல்லும் இடம் அது.