கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரி ஆட்சிக்குழுவுக்குப் போட்டியிடுவோர் செய்யும் தவறுகள்

சமுதாயக் கல்லூரி என்பது இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி; அத்தகைய கல்லூரிகளை நடத்தும் நிர்வாகப் பகுதியே கல்லூரி மாவட்டம். 1969இல் புதிதாக உருவான லாஸ் ஏஞ்சலஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் ஆட்சிக்குழுவுக்கு 124 பேர் போட்டியிட்டனர். அவர்களில் முதலிடம் பெற்றவர், பின்னாளில் கலிஃபோர்னியாவின் ஆளுநரான ஜெர்ரி பிரவுன். அவருடைய தந்தை பாட் பிரவுன் முன்னாள் ஆளுநர் என்பதால், வாக்காளர்களிடம் தம் பெயரைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய சிரமம் அவருக்கு இருக்கவில்லை. இன்று இந்த மாநிலத்தின் கல்லூரி மாவட்டங்களில் போட்டியிடுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த வசதி கிடையாது. தாங்கள் யார், எதற்காக நிற்கிறோம் என்பதைச் சில வரிகளில் சொல்லியாக வேண்டும், அந்தச் சில வரிகளிலேயே பலர் தவறிவிடுகிறார்கள்.

என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, குழுவின் கையில் இல்லாததை வாக்குறுதியாகக் கொடுப்பது. "கட்டணத்தைக் குறைப்பேன்" என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் மாநிலவாசிகளான மாணவர்கள் ஓர் அலகுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு)ச் செலுத்தும் 46 டாலர் கட்டணம், 2012 முதல் மாறாமல் இருக்கும் அந்தத் தொகை, மாநிலச் சட்டமன்றம் நிர்ணயித்தது. உள்ளூர் ஆட்சிக்குழு அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் அடிப்படை வகுப்புகளை முன்போல மீண்டும் கொண்டுவருவேன் என்று சொல்வோரும் உண்டு. 2017இலும் 2022இலும் இயற்றப்பட்ட மாநிலச் சட்டங்கள், மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளத்தக்க பாடங்களிலேயே நேரடியாகச் சேர்க்க வேண்டும் என்ற திசையில் கல்லூரிகளைத் திருப்பிவிட்டன என்பதை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் குழுவிடம் என்னதான் இருக்கிறது? வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிப்பது, தொழிற்சங்கங்களுடனான ஊதிய ஒப்பந்தங்களை ஏற்பது, கட்டடங்களுக்காகக் கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்களிடம் அனுமதி கேட்பது (மாநில வாக்காளர்கள் ஏற்ற 2000ஆம் ஆண்டின் 39ஆம் முன்மொழிவுக்குப் பிறகு இதற்கு 55 விழுக்காடு ஆதரவு போதும்), மாவட்டத்தின் தலைமை நிர்வாகியை நியமித்து ஆண்டுதோறும் மதிப்பிடுவது. இவை சிறிய பொறுப்புகள் அல்ல. வாக்காளரிடம் இவற்றைப் பற்றிப் பேசுபவரே வேலையை அறிந்தவர்.

இதற்கு நேர் எதிரான தவறு, கல்லூரி முதல்வர் பதவிக்குப் போட்டியிடுவதுபோல் பேசுவது. இன்ன துறைத்தலைவரை மாற்றுவேன், இன்ன பாடத்தை நீக்குவேன் என்று சொல்லும் வேட்பாளர், தேர்ந்தெடுக்கப்பட்டாலும் நேரடியாக ஆணையிடக்கூடிய பணியாளர் தலைமை நிர்வாகி ஒருவர்தான் என்பதை மறந்துவிடுகிறார். பாடத்திட்டம், பட்டத் தகுதிகள் போன்றவற்றில் ஆசிரியர் பேரவையின் கருத்தைக் கலந்தே குழு முடிவெடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு, 1988ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியாக வந்தது. குழு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தர அங்கீகார ஆணையமும் பார்க்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் அங்கீகாரத்தை ரத்து செய்யப்போவதாக 2013 ஜூலையில் அந்த ஆணையம் அறிவித்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் அதிகாரங்கள் மாநிலம் நியமித்த ஒரே மனிதரிடம் சென்றன; அங்கீகாரம் உறுதியாக 2017 ஆனது. காம்ப்டன் கல்லூரி 2006இல் அங்கீகாரத்தையே இழந்து, எல் கமினோ கல்லூரியின் ஒரு மையமாகப் பல ஆண்டுகள் இயங்கி, 2017இல்தான் மீண்டது. தம் மாவட்டத்தின் கடைசி அங்கீகார அறிக்கையைப் படிக்காமல் மேடை ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தகுதி பற்றிய தவறுகள் எளியவை, ஆனால் மன்னிக்கப்படாதவை. வேட்பாளர் 18 வயது நிரம்பியவராக, அந்த மாவட்டத்தில் வசிப்பவராக, பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். ஆகவே கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. பல மாவட்டங்கள் வாக்குரிமைச் சட்ட வழக்குகளுக்கு அஞ்சித் தொகுதி முறைக்கு (மாவட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது) மாறிவிட்டதால், மாவட்டத்தில் வசித்தால் மட்டும் போதாது, அந்தத் தொகுதிக்குள்ளேயே வசிக்க வேண்டியிருக்கும். அதே மாவட்டத்தின் ஊழியர் ஒருவர் வென்றால், பதவியேற்கும் முன் வேலையை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் பதவியேற்ற கணமே வேலை தானாக முடிந்துவிடும்.

வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே அச்சாகும் தொழில் குறிப்பைக் கடைசி நாளில் அவசரமாக எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. தொழிலைக் குறிப்பதானால் மூன்று சொற்களுக்கு மேல் கூடாது. இப்போது செய்யும் முதன்மைத் தொழிலாகவோ, முந்தைய ஆண்டில் செய்ததாகவோ இருக்க வேண்டும். "தலைசிறந்த", "நிபுணர்" போன்ற புகழ்ச்சொற்களுக்கு இடமில்லை. வாக்காளர்களுக்கு அனுப்பப்படும் தகவல் ஏட்டில் வெளியாகும் வேட்பாளர் அறிக்கை பொதுவாக 200 சொற்களுக்குள் அடங்க வேண்டும், குழு அனுமதித்தால் 400 வரை போகலாம். அதில் எதிர் வேட்பாளரைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது, கட்சியின் பெயரும் வரக்கூடாது, ஏனெனில் இது கட்சி சார்பற்ற தேர்தல். ஒருமுறை கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெறலாமே தவிர, திருத்த முடியாது. பெரிய மாவட்டங்களில் இதை அச்சிடும் செலவு ஆயிரக்கணக்கான டாலராகி, அது வேட்பாளர் தலையிலேயே விழக்கூடும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பணத்தில் பெரும்பாலோர் சறுக்குவது வரிசையில்தான். நண்பர்களிடம் நன்கொடை கேட்ட பிறகு படிவம் தேடுகிறார்கள். போட்டியிடும் எண்ணத்தைத் தெரிவிக்கும் 501ஆம் படிவம், முதல் டாலரைக் கேட்பதற்கு முன்பே தாக்கலாகியிருக்க வேண்டும். வரவோ செலவோ 2,000 டாலரைத் தொட்டால், பத்து நாட்களுக்குள் 410ஆம் படிவத்தின் மூலம் பிரசாரக் குழுவைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பணம் இந்தக் கணக்கில் சேராது என்று நினைப்பவர்கள் பிறகு அபராதக் கடிதம் வாங்குகிறார்கள்.

கல்லூரியின் மின்னஞ்சல், அஞ்சல் பட்டியல், அலுவலக நகலெடுக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். ஏற்கெனவே ஆசிரியராகவோ குழு உறுப்பினராகவோ இருப்பவர்களுக்கு இது பழக்கத்தாலேயே நேர்ந்துவிடும் ஆபத்து அதிகம்.

வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. இத்தகைய குழுக்களின் கூட்டங்கள் முன்னறிவிப்போடு வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று சொல்லும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் (ரால்ஃப் பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினரின் பெயரால் அமைந்தது, ஆளுநர் குடும்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை), தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவியேற்காதவரையும் கட்டுப்படுத்துகிறது. ஐவர் குழுவில் மூவர் சேர்ந்தால் பெரும்பான்மை. நவம்பரில் வென்றவர் டிசம்பரில் பதவியேற்கும் முன்பே இரு உறுப்பினர்களுடன் காபி அருந்திக்கொண்டு அடுத்த தலைவர் யார் என்று பேசி முடித்தால், அது முன்னறிவிப்பின்றி நடந்த கூட்டமாகிவிடும். ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் பேசி அதே முடிவுக்கு வந்தாலும் அப்படியே.