மலையகத்தில் காணி வாங்குமுன் பதிவகத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பத்துப் பேர்ச் காணி தோதான விலைக்கு வருகிறதா? சரி, முதலில் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று கேளுங்கள். நொத்தாரிசு எழுதிய உறுதி என்றால் மேலே பேசலாம். அரசாங்கம் கொடுத்த அளிப்புப் பத்திரம் என்றால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, வெறும் அனுமதிப்பத்திரம் என்றால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். லயத்து வீட்டை வெள்ளைத்தாளில் எழுதிக் கைமாற்றுவதும் செல்லாது. காணி விற்பனை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் நடக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.

அட்வான்ஸ் கொடுக்காமல் உறுதியின் பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு, அந்தக் காணிக்குரிய காணிப் பதிவகத்துக்குப் போங்கள். உறுதியின் தலைப்பில் முந்தைய பதிவு என்று ஓர் எழுத்தும் எண்களும் இருக்கும், அதாவது தொகுதியும் பக்கமும். அதைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பதிவேட்டைப் பார்க்கலாம். பக்கத்தின் மேலே நாலு பக்க எல்லையும் ஏக்கர், ரூட், பேர்ச் கணக்கில் பரப்பும், கீழே யார் யாருக்குக் கொடுத்தார், உறுதி எண், திகதி, நொத்தாரிசின் பெயர் என்று வரிசையாக வரும். கடைசி வரியில் விற்பவரின் பெயரைக் கண்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். பக்கம் நிரம்பினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அங்கே ஓர் ஈடோ, வழக்குக் குறிப்போ, கேவியட்டோ (அந்தக் காணியில் ஏதாவது பதிய வந்தால் தனக்கு அறிவிக்கும்படி ஒருவர் போட்ட குறிப்பு) உட்கார்ந்திருக்கலாம். பின்னோக்கி முப்பது வருடமாவது பார்ப்பது வழக்கம். பழைய கண்டி உறுதிகளில் பரப்பை இத்தனை லாஸ் (பழைய தானிய முகத்தல் அளவு) குரக்கன் விதைப்பு என்று எழுதியிருப்பார்கள், அதை வைத்துக்கொண்டு பேர்ச் கணக்குப் பேச முடியாது, உரிமம் பெற்ற நில அளவையாளரின் புதிய படம் கட்டாயம் வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் நன்கொடை உறுதி. விற்பவர் கண்டியச் சட்டத்துக்கு (கண்டிச் சிங்களவரின் மரபுச் சட்டம்) உட்பட்டவராக இருந்து, காணி தகப்பன் நன்கொடையாகக் கொடுத்தது என்றால், இரத்துச் செய்யும் உரிமையைத் தகப்பன் அந்த உறுதியிலேயே கைவிட்டிருக்கிறாரா என்று சட்டத்தரணியை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கைவிடவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை அதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது, நீங்கள் முழுக் காசு கொடுத்திருந்தாலும் பிரச்சினைதான்.

முத்திரை வரி விற்பனைக்கு முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 லட்ச ரூபாய்க் காணிக்கு 1,99,000 ரூபாய் வரும், நொத்தாரிசு கூலி தனி.

கையெழுத்தானதும் உறுதியை உடனே பதியுங்கள். நொத்தாரிசு தன் துணைப்பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவது வேறு, உங்கள் உறுதி பதிவேட்டில் ஏறுவது வேறு. அதே ஆள் அதே காணியை இன்னொருவருக்கும் விற்று அவர் முந்திப் பதிந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய அவர் உறுதிதான் நிற்கும். பதிந்த உறுதி கைக்கு வந்தபின் நகர சபையிலோ பிரதேச சபையிலோ கொடுத்து வரிப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், பழைய நிலுவை இல்லை என்ற துண்டை மட்டும் விற்பவரிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.