மரம் அறுக்கிற பேன்ட் வாங்குறதுக்கு முன்னாடி

உசிலம்பட்டிப் பக்கம் செயின்சா சர்வீஸ் பண்றவன் நான். மெஷினைத் தூக்கிட்டு வர்றவங்ககிட்ட, காலுக்கு என்ன போட்டு அறுக்குறீங்கன்னு கேட்காம விடமாட்டேன். பாதிப் பேர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டுச் சிரிப்பாங்க. "கெட்டி ஜீன்ஸுண்ணே"ம்பாங்க சிலர். ஓடுற செயினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

செயின்சா பேன்ட்ல காப்பாத்துறது மேல்துணி இல்லை, உள்ள கிடக்கிற நூல். நீளநீளமான செயற்கை நூல் பல அடுக்கா, தளர்வா இருக்கும். செயின் துணியைக் கிழிச்சதும் அந்த நூலை உருவிக்கிட்டுப் போயி, செயினைச் சுத்தவிடுற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்ல சுத்திக்கும், செயின் நின்னுடும். சீமைக்கருவேலம் வெட்டப் போன தம்பி ஒருத்தர், மெஷின் ஜாமாயிருச்சுன்னு கொண்டுவந்தார். கவரைக் கழட்டினா ஸ்பிராக்கெட் தெரியலை. ஆயில்ல ஊறுன வெள்ளை நூல்தான் கெட்டியா அடைச்சுக் கிடக்கு. பிளேடால கீறி, குறட்டால பிடுங்கித்தான் எடுத்தேன். இடது தொடையில பேன்ட் ஒரு சாண் கிழிஞ்சிருந்தது. தோல்ல கீறல் இல்லை. அவருக்கு இருந்த ஒரே கவலை, பேன்ட்டைத் தைச்சுப் போட்டுக்கலாமாங்கிறதுதான்.

கூடாது. செயின் பட்ட பேன்ட்டோட வேலை அதோட முடிஞ்சுது. முள்ளு கிழிச்சதுன்னாலும் மேல்துணியில மட்டும்தான் ஒட்டுப் போடணும். டைலர் ஊசி உள் அடுக்கு வரைக்கும் இறங்கினா நூலெல்லாம் அந்த இடத்துல பிடிபட்டுப் போகும், உருவி வராது. இதே காரணத்துக்காக, நீளமான பேன்ட்டை வாங்கி அடியை வெட்டி மடிச்சுத் தைக்கிற பழக்கமும் இங்க உதவாது. காப்பு அடுக்கு கிட்டத்தட்ட கணுக்கால் விளிம்பு வரைக்கும் வரும். நம்ம உயரத்துக்குக் குட்டை அளவு இருக்கான்னு கேட்டு வாங்குங்க. கடையிலேயே ஒரு தடவை குத்துக்கால் வச்சு உட்கார்ந்து பாருங்க. முட்டி இறுகக் கூடாது, அடி பூட்ஸை விட்டு மேலே ஏறக் கூடாது.

லேபிள்ல செயின்சா படம் போட்ட கேடயமும், இஎன் 381-5 இல்லைன்னா இஎன் ஐஎஸ்ஓ 11393-2ங்கிற ஐரோப்பியத் தர எண்ணும் இருக்கணும். கிளாஸ் 1ன்னா நொடிக்கு 20 மீட்டர் ஓடுற செயினுக்குச் சோதிச்சது. கிளாஸ் 2க்கு 24, கிளாஸ் 3க்கு 28. அப்புறம் டைப். ஏ, பி ரெண்டும் முக்கியமா முன்பக்கக் காப்பு. சி காலைச் சுத்தி வரும்.

தரையில நின்னு அறுக்கிறவங்களுக்கு என் சிபாரிசு கிளாஸ் 1, டைப் ஏ. அக்னி நட்சத்திரத்துல மேலூர்ப் பக்கம் கண்மாய்க்குள்ள வேலை செஞ்சவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்லை. பெரிய கிளாஸா வாங்கி, புழுக்கம் தாங்காம டாடா ஏஸ் சீட்டுக்கடியில போட்டு வச்சிருக்கிறவங்களை எனக்குத் தெரியும். மரத்து மேலே ஏறி கிளை கழிக்கிறவங்களுக்கு மட்டும் டைப் சி. அங்க மெஷின் எந்தப் பக்கமிருந்து காலுக்கு வரும்னு சொல்ல முடியாது.

ரொம்ப நாள் உழைக்கணும்னா மேல்துணியைக் கவனிங்க. முட்டியிலயும் கீழ்க்காலிலயும் கெட்டி நைலான் ஒட்டு இருக்கணும். பின்னாடி இழுபடுற ஸ்ட்ரெச் துணி போட்டது போட சுகமா இருக்கும், ஆனா கருவேல முள்ளுக்கு நிக்காது. தென்னந்தோப்பு வேலைன்னா பரவாயில்லை. பெல்ட்டை விட தோள்பட்டை வார் நல்லது, வேர்வையில வழுக்கி இறங்காது.

பேட்டரி மெஷினுக்கும் கரண்ட் மெஷினுக்கும் இந்தப் பேன்ட்டை முழுசா நம்பாதீங்க. நூல் சுத்தினாலும் மோட்டார் விடாம இழுக்கலாம்.

துவைக்காம வச்சாலும் கெடும். செயினுக்கு இங்க பல பேர் கழிவு ஆயில்தான் ஊத்துறாங்க. அதுவும் மரத்தூளும் சேர்ந்து நூலை ஒட்ட வச்சிடும். லேபிள்ல சொன்ன சூட்டுக்கு மேலே போகாம, சாதா சோப்புத்தூள்ல ஊறவச்சு அலசுங்க. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், கல்லுல அடிக்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். உப்புத் தண்ணி போர்னா ரெண்டு அலசு கூடவே போடுங்க, சோப்பு தங்காது. நிழல்ல தொங்கவிட்டுக் காயவைங்க. கழிச்ச பேன்ட்டைக் கையாள் பையனுக்குக் குடுக்காம, பேன்ட் காலை நறுக்கிட்டுக் குப்பையில போடுங்க.